குடைக்கம்பியில் எழுந்த பொன்வளையங்கள்

எங்கள் அக்கா மறைந்து பதினாறு நாள் ஆகிறது என்கிறார்கள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நல்ல உடம்போடு மலையேறியவரை டோலியில் இறக்கி வந்ததை இந்தக் கண்கள்தாம் பார்த்தனவா?

அக்கா பிறந்தது சேந்தமங்கலத்தில். எனக்கு ஏழு வயதில் தந்தையார் இறந்ததும், ஊரே திடுக்கிடத் தாமே தறியில் உட்கார்ந்தார். "பொம்பள தறிக்குழியில எறங்கலாமா?" என்றவர்களிடம், "பசி ஆம்பள பொம்பள பாக்குதுங்களா?" என்று கேட்டார். என்னைப் படிக்கவைப்பதற்காகவே வந்த வரன்களையெல்லாம் தள்ளினார்.

சென்ற மாசியில் கொல்லிமலைக் காப்பித் தோட்டத்துத் துரைசாணி எங்களை அழைத்தார். அவர் பங்களாவில் ஒரு படம் மாட்டியிருந்தது. இங்கிலாந்தை டியூடர் அரசர்கள் ஆண்ட காலத்தில் வாழ்ந்த அவர் குலத்துச் சீமாட்டியாம். அந்தச் சீமாட்டி உடுத்தியிருந்த கவுனின் துணியை அப்படியே நெய்துதர வேண்டும். துரைசாணியின் மகளுக்குக் கல்யாண உடுப்பு அது. சேலத்து நெசவாளர்கள் முடியாதென்று கைவிரித்திருந்தார்கள். சிவப்புப் பட்டின்மேல் பொன்சரிகை சின்னச் சின்ன வளையங்களாக எழுந்து நின்றது. "இது நெய்ஞ்சதா கண்ணு, தங்கத்தக் காய்ச்சி ஊத்துனதா?" என்று அக்கா மலைத்துப்போனார்.

படத்தைக் கீழே அனுப்ப மாட்டார்கள் என்பதால் பங்களாவிலேயே தறி போட்டார். ஞாயிறுதோறும் நான் மலையேறிப் பார்த்துவருவேன். சரிகையை மூங்கில் குச்சிமேல் வளைத்து நெய்து, பிறகு குச்சியை உருவிவிட வேண்டும். ஆனால் பனியில் ஊறிப் பருத்த குச்சி சரிகையை அறுத்தது. ஒரு மாத நெசவு பாழ். அன்று அக்கா சோறு தொடவில்லை. மறுநாள் துரைசாணியிடம், "ஏனுங்கம்மா, பழைய குடை ஒண்ணு இருந்தாக் குடுங்க" என்றார். குச்சிக்குப் பதில் வழவழப்பான குடைக்கம்பியை வைத்து நெய்து உருவியதும் வளையங்கள் சாயாமல் நின்றன.

ஐப்பசியில் துணி முடிந்தது. படத்தருகே பிடித்துக் காட்டினார். துரைசாணி அக்காவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. செய்தி கேட்டு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு ஓடினேன். மலைமேலுள்ள அரியூர் நாட்டைச் சேர்ந்த நால்வர் கொட்டும் மழையில் டோலியைச் சுமந்து இறங்கினார்கள். "அக்கா" என்றேன். கண் திறந்தார். "துணிய மடிக்க வேண்டாம், சுருட்டி வெக்கச் சொல்லு சாமி. வளையம் நசுங்கிரும்." அவ்வளவுதான். மூச்சு நின்றுவிட்டது.

சடங்குகளில் துணைநின்ற உறவினர்க்கும் நண்பர்க்கும், மலையிலிருந்து நடந்தே வந்த துரைசாணிக்கும் எங்கள் நன்றி. பாடை தூக்க உறவினர் வந்தபோது டோலி சுமந்த அந்த நால்வரும் விலகவில்லை. அவர்களில் மூத்தவர் சொன்னார்: "உசுரோட கொண்டாந்து சேக்க முடியலைங்க. சுடுகாடு வரைக்குமாச்சும் நாங்களே தூக்குறமுங்க."

தோள் மாற்றாமல் தூக்கினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல என்னிடம் சொல் இல்லை.