டிரிட்டியத்தை நான் காப்பாற்றிய கதை

அணுக்கரு இணைவு ஆற்றலையே நான்தான் காப்பாற்றினேன். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.

என் பேத்தி ஜெயப்ரியா ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். அந்த இணைவுக்கு எரிபொருளான டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜனை உலோகத்தூள் உறிஞ்சிக்கொள்ளும். அதைக் கலனில் பூட்டி, வெளிவரும் வெப்பத்தை வைத்து அளவிடுவாள். போன மாதம் அளவு குறைந்தது. கசிவென்றால் கூடத்தையே மூடவேண்டும். போனில் அழுதாள்.

வேதியியல் டீச்சராக இருந்தவள் சும்மா இருப்பேனா? "வாரின உப்பை ஈரம் வடியாம எடை போடுவோமா? கலனை விடு, சூடு நிலைக்கட்டும், அப்புறம் அள" என்றேன். மறுநாள் அளவு சரியாக வந்தது.

இதை எழுதி வீட்டில் படித்துக்காட்டினேன். உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்த மருமகள் கொளஞ்சி சிரித்தாள்.

"அத்தை, உப்பு வடியட்டும்னு சொன்னது நான். 'நெத்திலிக் கொழம்பு ஆறுது, அளந்தது போதும், கெளம்பு'ன்னு அளவு கொறஞ்ச அன்னைக்குப் போன் போட்டு, சூடு நிலைக்கிறதுக்கு முன்னாலயே அவளை அவசரப்படுத்துனது நீங்கதான்."