உருளை மூக்கும் பொடிக்கோடும்

எதிரே உட்கார்ந்திருப்பவரின் காதைத்தான் அவள் முதலில் வரைவாள். முகத்தைப் பார்த்து வரைந்தால் ஆள் உஷாராகிவிடுவார். காதை யாரும் காவல் காப்பதில்லை. வங்கி வரிசையோ ஆஸ்பத்திரி பெஞ்சோ, உள்ளங்கை அகல நோட்டு கைப்பையிலிருந்து வெளியே வந்துவிடும். காதுமடலின் மடிப்பு, அதன் நிழல், நிழலுக்குள் இன்னொரு நிழல் என்று முடிகனத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே இருப்பாள். அவளுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு ஓய்ந்து, அடுத்தவரையும் கூப்பிட்ட பிறகுதான் எழுந்து ஓடுவாள்.

நாற்பத்தொரு வயது. பழைய ஊரில் பதினோரு வருடம் ஒரு வார இதழின் நடுப்பக்கக் கார்ட்டூன் அவளுடையது. காய்கறிக் கடையில் நின்றால், "போன வாரம் போட்டீங்களே ஒரு மூஞ்சி, அப்படியே எங்க மச்சான்" என்று யாராவது சொல்லி இரண்டு எலுமிச்சம்பழம் கூடப் போடுவார்கள். கணவர் பல் செட் செய்பவர். அவருக்குப் பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்ததும் இந்த ஊருக்கு வந்தார்கள். இங்கே எலுமிச்சம்பழக்காரர் அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

படக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஏழு பத்திரிகை அலுவலகங்கள் ஏறி இறங்கினாள். ஏழாவது ஆசிரியர் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கை அபாரம்மா. ஆனா சிரிப்பு வரலியே."

அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கார்ட்டூனை வெட்டி வைத்திருந்தார். ஒரு கட்டடம், அதுவும் நேராக நிற்கவில்லை. லிஃப்ட் கதவில் ஒரு பலகை: 'பழுது'. பக்கத்துப் படிக்கட்டில் இன்னொரு பலகை: 'இது நல்லா இருக்கு'. அதைப் படிக்கும் ஆளுக்கு மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உருளைக்கிழங்கு.

"இவனைப் போய் பாருங்க" என்றார் ஆசிரியர். "வரையறவங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை காலைல சைக்கிள் கடை மாடில கூடுவாங்க. கூட்டிச் சேர்க்கறதே இவன்தான்."

போனாள். ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் அவன். எல்லாருக்கும் 'உருளை'. அவளைவிடப் பத்து வயது சின்னவன். வீடு வீடாக மின்சார மீட்டர் கணக்கெடுப்பது அவன் பிழைப்பு. மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிய ஈரம் காய்வதற்குள், மீட்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கிறுக்கு. பென்சில் கிடையாது, அழிப்பான் கிடையாது. அதுதான் மறுநாள் மூன்றாம் பக்கத்தில் வந்து ஊரையே சிரிக்க வைக்கும்.

அவள் நோட்டைப் புரட்டியவன், "யப்பா! ஒரு காதுக்கு இத்தனை பொடிக்கோடா!" என்றான். அன்றிலிருந்து அவள் 'பொடிக்கோடு அக்கா'. நாற்காலி இழுத்துப் போட்டதும் அவன்தான். கைகழுவும் முறையை விளக்கும் ஆஸ்பத்திரித் தட்டி, ஓட்டுநர் பள்ளிச் சுவர்ப்படம் என்று அவள் கைக்கு வந்த வேலையெல்லாம் அவன் வாய்வார்த்தையால் வந்தது. ஒவ்வொரு உதவியும் அவளுக்கு நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. திட்டவாவது இடம் வைத்தானா பாவி!

"கையால வரையறானா காலால வரையறானான்னே தெரியல" என்று வீட்டில் பொருமுவாள். "ஒரு மனுஷனுக்கு நாலு விரலு, இன்னொருத்தனுக்கு ஆறு. கேட்டா அதுக்கும் சிரிக்கிறாங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை கணக்கு வாத்தியாரிடமிருந்து போன் வந்தது. அவரும் மாடிக் கூட்டத்துக்காரர். மீட்டர் பார்க்க ஏறிய ஸ்டூல் வழுக்கி உருளை விழுந்துவிட்டானாம், மணிக்கட்டு எலும்பு முறிவாம்.

"எந்தக் கை?" என்றாள் அவள்.

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது. "வலது" என்றார் வாத்தியார். மனசுக்குள் ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. அதை வருத்தம் என்று சொல்லிக்கொள்ள அவள் எவ்வளவோ முயன்று பார்த்தாள்.

ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனாள். முழங்கைவரை மாவுக்கட்டோடு அவன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, கட்டு பிரிக்கற வரைக்கும் என் கார்ட்டூனை நீங்க வரையணும். ஜோக்கு நான் சொல்றேன். ஆசிரியர்கிட்ட இடது கையால வரையறேன்னு சொல்லிட்டேன்."

"நானா? வாத்தியாரைக் கேளேன்."

"வாத்தியாருக்கு என்னைப் பிடிக்கும். என் படத்தைப் பார்த்ததுமே சிரிச்சிருவாரு, கோட்டைப் பார்க்க மாட்டாரு. உங்களுக்குத்தான் என்னைப் பிடிக்காது. ஒரு கோடு விடாம பார்த்திருப்பீங்க."

அவள் ஆரஞ்சுத் தோலை உரிப்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

முதல் ஜோக்கு இது: வீட்டுக்குள்ளே ஒழுகுகிறது. குடை பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கும் கணவனை மனைவி எழுப்புகிறாள்: "வெளிய மழை விட்டிருச்சு, வாங்க அங்க போய் படுக்கலாம்."

அவள் கூரையை ஓடு ஓடாக வரைந்தாள். ஒழுகும் நீருக்குத் தனி நிழல். படம் பிரமாதமாக வந்தது. சிரிப்பு மட்டும் எங்கோ ஓட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கிழித்தாள். கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாள், இடது கையால் வரைந்தாள். மூக்கு முட்டை ஆனது, கத்தரிக்காய் ஆனது, உருளை ஆகவில்லை.

வேலையிலிருந்து வந்த கணவர் தரையெங்கும் கிடந்த மூக்குகளைப் பார்த்தார். "என்ன, மூக்கு செட்டுக்கு ஆர்டரா?"

"கிண்டல் பண்ணாதீங்க. கோணலா ஒரு கோடு வரமாட்டேங்குது."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பல் எல்லாம் ஒரே ஒழுங்கா செஞ்சா, வாயைத் திறந்ததுமே பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிரும். நான் ஒண்ணை மட்டும் லேசா திருப்பி வைப்பேன். எதைத் திருப்பணும்னு பார்க்கத்தான் பாதி நாள் ஆகும்."

அவள் பத்திரிகையில் அச்சான அவனுடைய கார்ட்டூன்களை மறுபடி எடுத்துப் பரப்பினாள். இந்தத் தடவை குறை தேடவில்லை. கட்டடம் சாய்ந்திருந்தது, பலகை மட்டும் நேராக இருந்தது. கண் நேரே அங்கே போய் விழுந்தது. அந்தப் பாவி தெரிந்தேதான் கோணலாக வரைந்திருக்கிறான். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கூரைக்கு ஒரே கோடு. ஒரே ஒரு சொட்டு, அதுவும் குடைக்கம்பி வழியாக வந்து மூக்கின் மேல்.

ஐந்து வாரம் ஓடியது. ஆசிரியருக்குச் சந்தேகமே வரவில்லை. மாடியில் வாத்தியார் கண்ணீர் வரச் சிரித்து, "உருளை உருளைதான்யா!" என்றார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள். தன் கோட்டைப் பார்த்தே தான் பொறாமைப்படும்படி ஆயிற்றே என்று வழியெல்லாம் கொதித்தது.

கட்டு பிரித்த ஞாயிறன்று உருளை எழுந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டான். மாடியே கைதட்டியது. அவள் அவனைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னே? பிச்சை போடறியா?"

"பிச்சையா? ஆசிரியர்கிட்டயும் சொல்லிட்டேன்கா. வாங்கிக் கட்டிக்கிட்டேன். புதன்கிழமையிலேர்ந்து என் பக்கத்துலயே உங்களுக்கு ஒரு கட்டம். உங்க ஜோக்கு, உங்க பேரு. எனக்கு அஞ்சு வாரமா தூக்கம் இல்ல. அந்தக் குடைக்கம்பி எனக்குத் தோணலியே!"

அவன் முகத்தில் இருந்ததை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணாடியில் தினம் பார்ப்பதுதான். இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவளுக்கு நன்றாகப் பசித்தது.

புதன்கிழமை பேருந்தில் ஏறியதும் பத்திரிகையை விரித்தாள். மூன்றாம் பக்கத்தில் வலதுபுறம் அவள் கட்டம். இடதுபுறம் அவன்: வாசல் கேட்டருகே நடுங்கும் மீட்டர்காரரிடம் வீட்டுக்காரர் சொல்கிறார், "பயப்படாதீங்க, கடிக்காது." பின்னால் நிற்கும் நாய்க்கும் அதே உருளை மூக்கு. அது யோசிக்கிறது: "யாரு, நானா?"

அடக்குவதற்குள் சிரிப்பு வாய்விட்டு வந்துவிட்டது. முன்சீட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்தாள். இவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். பத்திரிகையை நடுவில் மடித்தாள், நாய் உள்பக்கம் போக, தன் கட்டம் வெளியே தெரிய. மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் இருமுறை அழுத்தித் தேய்த்தாள். நிறுத்தம் வந்ததும், அடுத்து வந்து உட்காருபவர் கண்ணில் படும்படி அதை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள்.