ரோபோவிடம் சொல்லாமல் விட்ட கட்டம்

1. காலை 10.40

அந்தப் புதன்கிழமைக்கான டைரிக் குறிப்பில் நேரம் சரியாக இருக்கிறது, கையெழுத்துதான் கோணல். வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் நான் மூத்த எழுத்தர். டெய்லர் அண்ணாமலை ஆட்டோவிலிருந்து இறங்கி, மனைவியின் தோளைப் பிடித்தபடி என் கவுண்டருக்கு வந்தார்.

"பொட்டாசியம் ஜாஸ்தி, உடனே வாங்கனு மெசேஜ் வந்துச்சி சார். நெஞ்சே நின்னுடும்னு பையன் போன்ல படிச்சிச் சொல்றான். நான் சக்கரைக்குத்தானே ரத்தம் குடுத்தேன்?"

பொட்டாசியம் பார்த்தது இன்னொரு அண்ணாமலைக்கு; சிறுநீரக நோயாளி. அவருக்கு என்ன மெசேஜ் போயிருக்கிறது என்று திரையில் தேடினேன். காலை 8.15: 'உங்கள் பரிசோதனை முடிவுகள் இயல்பாக உள்ளன.'

2. எப்படி மாறியது

ரோபோ என்று நாங்கள் சொன்னது கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு புரோகிராம். லேப் ரிப்போர்ட்டை எடுத்து நோயாளியின் ஃபைலில் சேர்த்து மெசேஜ் அனுப்பும். நானும் இன்னொருவரும் அரை நாள் செய்த வேலையைக் காப்பி குடித்து முடிப்பதற்குள் செய்துவிடும். தட்டச்சுப் பிழை வராது, லீவு கேட்காது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

லேப் ரிப்போர்ட்டில் எங்கள் பதிவு எண் கிடையாது. பெயர், வயது, ஊரை வைத்துத்தான் பொருத்த வேண்டும். இந்த ஊரில் அண்ணாமலைக்கும் அருணாசலத்துக்கும் பஞ்சமில்லை. அதனால் என் நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: டெய்லர், இளநீர், மொட்டை, கோணக்கால். யார் எந்த டெஸ்டுக்கு வந்தவர் என்று அதைப் பார்த்துத்தான் ரிப்போர்ட்டைப் பிரிப்பேன். புரோகிராம் எழுத வந்த கீர்த்தனா அதைப் பார்த்து, "இது என்ன சார்?" என்றாள். நோயாளிகளைப் பட்டப்பெயரால் குறித்து வைத்திருப்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "அது ஒண்ணுமில்லமா, நம்ம வசதிக்கு" என்றேன். அவள் அதை விட்டுவிட்டாள்.

இரண்டு ஏ. அண்ணாமலைகள். இருவருக்கும் ஒரே வயது, ஊர் அடி அண்ணாமலை. ஒரே காலையில் ரத்தம் கொடுத்தார்கள். ரோபோ தயங்காமல் மாற்றிப் போட்டது.

3. கிரிவலப் பாதையில்

மேனேஜர், "யாருக்கும் சொல்லாதீங்க. மொதல்ல கம்பெனிக்கு மெயில் போடுங்க" என்றார்.

"அந்த இன்னொரு அண்ணாமலை போனை எடுக்க மாட்றாரு சார்" என்றேன். ஆம்புலன்ஸைப் பின்னால் வரச்சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். பாதை நெடுக மனதுக்குள் அந்தக் கட்டம் மட்டுமே தெரிந்தது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைத் தொடக்கூடாது, பொட்டாசியம் ஏறும். நான் தேடிப்போனவர் அடி அண்ணாமலையில் இளநீர் விற்பவர்.

வண்டிக் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். "வா சார். வழுக்கையா, தண்ணியா?"

"நீங்க குடிச்சீங்களா?"

"நார்மல்னு மெசேஜ் வந்துச்சே. ஒரு வருசமா ஊருக்கெல்லாம் சீவிக் குடுக்கறேன், ஒரு வாய் வெச்சதில்ல. இன்னிக்குத்தான் ரெண்டு. ஏன், அதுக்கும் டாக்டர் பீஸா?" சிரித்தவர் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். "காலு மரத்த மாதிரி கீது சார். வெயிலு போல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வர ஏழு நிமிடம் ஆனது. அந்த ஏழு நிமிடமும் அவர் இளநீர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்; நான் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஈசிஜி பார்த்ததும் டாக்டர் நர்ஸை அழைத்தார். நேராக ஊசி, பிறகு டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை மதியம் சாதம் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகே எனக்கும் சோறு இறங்கியது.

4. இளையவர்களுக்கு

உங்கள் வேலையை ஒரு புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாள் உங்களுக்கும் வரும். ஒழுங்காகத் தெரிவதை மட்டும் சொல்லாதீர்கள். வெட்கமான குறுக்குவழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனிதனுக்குச் சந்தேகம் வந்தால் யாரையாவது கேட்பான். அது கேட்காது, தெரியாததைத் தெரிந்ததுபோலவே அனுப்பிவிடும்.

இப்போது ஒரே பெயர் இரண்டு வந்தால் ரோபோ நின்றுவிடும், ஆள்தான் பார்த்து அனுப்ப வேண்டும். அந்தத் திருத்தம் செய்ய வந்த கீர்த்தனாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. "வேற ஏதாவது சொல்லாம விட்டிருக்கீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

யோசித்தேன். இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாகச் செய்வது எதுவென்று எனக்கே தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். மெசேஜ்கள் தினமும் போய்க்கொண்டிருக்கின்றன.