இருபத்தொன்பது அங்குலச் சண்டை

அந்த சைக்கிள் கடையில் முன்பக்கம் கணவர், பின்பக்கம் மனைவி. அவர் விற்பார், அவள் சக்கரங்களுக்குக் கோட்டம் எடுப்பாள். நெளிந்த சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பி கம்பியாக முறுக்கி நேராக்குவதே நாள் முழுக்க வேலை என்பதால் வாடிக்கையாளர்களுக்கு அவள் ‘சக்கரக்கா’. அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை. முன்பக்கத்திலிருந்து காதில் விழும் பேச்சுதான் அவளைப் படுத்தி எடுத்தது.

மலைப்பாதை சைக்கிளுக்கு முதலில் இருபத்தாறு அங்குலச் சக்கரம்தான் இருந்தது. பிறகு இருபத்தொன்பது வந்தது. அப்புறம், இரண்டுக்கும் நடுவில் இருபத்தேழரை. ஒவ்வொரு முறையும் கம்பெனி அனுப்பும் விளம்பரத் தாளைக் கணவர் மனப்பாடம் செய்துவிடுவார்.

“இருபத்தாறா? அது செத்துப்போச்சு சார்.”

கேட்டவர்கள் நன்றாக ஓடுகிற சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்பக்கம் வந்து, பெரிய சக்கரம் மாட்டச் சொல்வார்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குள் அது நுழையவே நுழையாது என்று வைத்துக் காட்டிக் காட்டி அவளுக்கு அலுத்துப்போனது.

நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கும் அவர் இருபத்தொன்பதைத்தான் விற்றார். அவள் குள்ளம். அடுத்த மாதம் கையில் கட்டோடு வந்து நின்றாள். செங்குத்தான இறக்கத்தில் உடம்பைப் பின்னுக்குத் தள்ளியபோது, பின் டயர் அவள் மேலேயே உரசி ஆளைக் கவிழ்த்துவிட்டதாம்.

அவள் போனதும் சக்கரக்கா முன்பக்கம் வந்தாள்.

“அந்தப் பொண்ணை ஒரு தடவையாவது ஏறி உட்காரச் சொல்லிப் பாத்தீங்களா?”

“எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க.”

“எல்லாருமா விழுந்தாங்க? விழுந்தது அவதானே.”

பெரிய சக்கரம் வெறும் ஏமாற்று என்று நிரூபிக்கவே, விடுமுறையன்று அந்தப் பெண் கடையில் விட்டுப்போன சைக்கிளையும் தன் பழைய இருபத்தாறையும் வேனில் ஏற்றி மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு கல்லுப்பாதை. அவளுடைய பழைய வண்டியின் முன்சக்கரம் எப்போதும் கற்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். இறங்கித் தள்ளித்தான் பழக்கம். புதியது அந்தக் கற்களின் மேல் உருண்டு ஏறி அந்தப்பக்கம் போய்விட்டது.

அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. டயரில் காற்று இறுக்கமாக இருப்பதுதான் காரணமாக இருக்கும் என்று பழைய வண்டியில் காற்றைக் குறைத்து மறுபடி போனாள். வித்தியாசத்தில் பாதி காணாமல் போனது. மீதிப் பாதி எத்தனை முறை ஏறி இறங்கியும் போகவில்லை. ஆனால் மரங்களுக்கிடையே நெளிந்து போகும் வளைவுகளில் பெரியது முரட்டு மாடு மாதிரி திரும்ப மறுத்தது. பழையது சொன்னபடி கேட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் உள்ளதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நான்தான் அப்பவே சொன்னேனே.”

“நீங்க சொன்னதுல பாதி சரிங்க. அந்தப் பாதி எதுன்னுதான் உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இனிமே தெரியாம விக்காதீங்க.”

மூன்றாம் நாள் அவராகவே நூலகப் பெண்ணை வரவழைத்து, சின்ன ஃபிரேம் போட்ட இருபத்தேழரையை மாற்றிக் கொடுத்தார். மன்னிப்பு மட்டும் அவர் வாயில் வரவில்லை. அதைச் சக்கரக்காதான் கேட்டாள்.

அதிலிருந்து வாங்க வருகிறவர்கள் எந்தப் பாதையில் ஓட்டுவார்கள் என்று கேட்டு, ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விற்பனை. கல்லுப்பாதைக்காரர்களில் உயரமானவர்களுக்குப் பெரியதையே அவளும் எடுத்துக் காட்டினாள். பலருக்கு டயரில் காற்றைக் குறைத்ததே போதுமாக இருந்தது. கும்பிடு போட்டுவிட்டுப் பழைய வண்டியிலேயே போனார்கள். அப்போதெல்லாம் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

சமீபத்தில் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, அடுத்தது முப்பத்திரண்டு அங்குலம் என்றார். கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சக்கரக்கா பின்பக்கத்திலிருந்து வந்து கேட்டாள்.

“ஓட்டிப் பாக்க ஒண்ணு கொண்டாந்திருக்கீங்களா?”

கம்பெனிக்காரர் விளம்பரத் தாள்தான் கொண்டு வந்திருந்தார்.