அப்பாவின் வாய்

யுத்தம் முடியப்போகிற வருஷம். லஸ் முனையில் ட்ராமுக்கு நிற்கிற ஆண்களெல்லாம் திடீரென்று ராஜதந்திரிகளாகிவிட்டார்கள். ஐரோப்பாவில் யுத்தத்தை ஆரம்பித்த அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையாம், கை நடுங்குகிறதாம், அவன் செத்தால் அந்த நாடு என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒரு தீர்ப்பு. "ஜனங்க தெருவுல எறங்கி ஆடுவாங்க ஸார்" என்பார் ஒருவர். "ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்கினு சாவானுங்க" என்பார் இன்னொருவர். மருந்து சீசாவைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் அங்கேதான் நிற்பேன். இதைத் தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் வீட்டுக்கு வந்து உட்காருங்களேன் என்று சொல்லத் தோன்றும். எங்கள் வீட்டிலும் ஒருவர் படுத்த படுக்கையாகத்தான் கிடந்தார்.

அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பள்ளிக்கூடத்துக்குத்தான், எங்களுக்கு இல்லை. மயிலாப்பூரில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. ஆனால் கடல் பக்கத்து ஜன்னலைத் திறக்கக் கூடாது, உப்புக் காற்றில் புத்தகம் கெடும். நண்டு சமைக்கக் கூடாது, நாறும். சாப்பிடும்போது சிரிக்கக் கூடாது, ஏனென்று கேட்கவும் கூடாது. இந்த ராஜ்யத்தில் குடிமக்கள் மூன்று பேர். அப்பாவின் விதவைத் தங்கையான அத்தை, நான், என் தம்பி. அம்மா செத்தபோது தம்பி இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. அந்த இடுப்பு அதன்பிறகு என்னுடையதாயிற்று. நான் வாத்தியார் பயிற்சி முடித்திருந்தேன், மாம்பலத்தில் கன்னியர் நடத்துகிற பள்ளியில் வேலைக்கு இடமும் சொல்லியிருந்தார்கள். "வேண்டாம்" என்றார் அப்பா. அத்தோடு முடிந்தது. கல்யாணப் பேச்சும் அப்படித்தான் ஒன்றிரண்டு தரம் வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று.

பிறகு அவருக்குப் பாரிசவாயு வந்தது. வலது பக்கம் போயிற்று. வாய் கோணி, பேச்சு குழறி, ஒரு சத்தமாக வரும். தலை மட்டும் சதா ஆடிக்கொண்டிருக்கும், ஆகையால் ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று யாருக்கும் பிடிபடாது. எனக்கு மட்டும் புரிந்தது. இதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. சின்ன வயதிலிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்து வளர்ந்தவள் நான். எந்த எழுத்தில் மூச்சு வாங்குவார், கோபத்தில் எந்த வார்த்தையை இழுப்பார் என்பது எனக்கு அத்துப்படி. அதோடு அவர் சொல்லக்கூடியதே கொஞ்சம்தானே! முக்கால்வாசி "கூடாது".

இப்படி நான் அப்பாவுக்கு வாயானேன். "அத்தை, சின்னமலைத் திருநாளுக்குப் போகக் கூடாதுங்கிறார்." "தம்பி, விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வரணும்ங்கிறார்." நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொன்னதை எழுதிப் பழகிய கை, அதே மாதிரிதான் வாயும். மாம்பலத்துக் கன்னியர் மறுபடி ஆளனுப்பி, ஜூனில் பள்ளி திறக்கிறது, வருகிறாயா என்று கேட்டார்கள். அத்தையையும் தம்பியையும் வைத்துக்கொண்டு அப்பாவிடமே கேட்டேன். குழறினார். "வேண்டாம்ங்கிறார்" என்று நானே சொன்னேன். சரி என்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கண்டுபிடிக்க யார் இருந்தார்கள்? அது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

ஆனால் நான் கூடத்துக்கு வந்தால் அத்தையும் தம்பியும் பேச்சை நிறுத்த ஆரம்பித்தார்கள். நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவள்கூட என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தி, "இன்னாம்மா, அய்யாவுக்கு எப்டி கீது?" என்று கேட்டுவிட்டு, "நண்டு வேணாம்னு நீதான சொன்னே" என்பாள். "நான் இல்லை, அப்பா" என்பேன். "ஆங், ஆங்" என்று கூடையைத் தூக்கிக்கொள்வாள்.

தம்பிக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. அடையாறில் வீடு, எங்களைப்போல் கத்தோலிக்க வேதக்காரர்கள்தான், அவளுடைய அப்பா ட்ராம் ஓட்டுகிறவர். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாத்துக்குடியோடு அப்பாவைப் பார்க்க வந்தாள். தலையணையைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். அப்பா குழறினார்.

"என்ன சொல்றார்க்கா?" என்று என்னிடம்தான் கேட்டாள், சிரித்த முகமாக.

"தொடக் கூடாதுங்கிறார். கண்டவன் உடம்பைத் தொட்ட கையாம். நீங்க போகணுமாம்."

அவள் போய்விட்டாள். தம்பி அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். என் மடியில் தூங்கி எழுந்த பிள்ளை, யாரோ தெருவில் போகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். 

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாகக் கிடக்கிறவருக்குச் சாமியார் வந்து அவஸ்தை எண்ணெய் பூசுவதற்கு முன்னால் பிள்ளைகள் கட்டிலண்டை முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்போது அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதை மீறினால் அந்த ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகும், கரையேறாது. தம்பி தினமும் முதல் பூசைக்குப் போகிறவன். அதை அட்சரம் பிசகாமல் நம்புகிறவன். ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் முடிந்த கையோடு அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சாமியார் எண்ணெயோடு வந்து நிற்க, தம்பி முழங்காலில் நின்று, "அப்பா, அந்தப் பொண்ணைக் கட்டிக்க உத்தரவு கொடுங்கப்பா" என்றான். அப்பா வெகுநேரம் குழறினார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கூடாதுங்கிறார். நான் செத்தாலும் கூடாதுங்கிறார்."

சாமியார் எண்ணெய் பூசினார். அன்று சாயங்காலம் அப்பா போய்விட்டார்.

யாரும் தெருவில் இறங்கி ஆடவில்லை. முதலில் ஒன்றுமே நடக்கவில்லை, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அடக்கம் முடிந்து வந்து ஜெபமாலைக்கு உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் முதல் பாதியை அப்பா சொல்வார், மறுபாதியை நாங்கள் சொல்வோம். படுத்த பிறகும் அவர் குழற, நாங்கள் மறுபாதியைச் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது மூன்று பேரும் மணியை விரலில் பிடித்துக்கொண்டு முதல் பாதிக்காகக் காத்திருந்தோம்.  கடைசியில் அத்தை, "நீயே ஆரம்பிடி. நீதானே அவர் வாய்" என்றாள். அதில் இருந்த விஷம் எனக்கு அப்போதே உறைத்தது. ஆரம்பித்தேன். தம்பி எழுந்து போய்விட்டான்.

அடுத்த வாரம் அத்தை கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். காற்று குபீரென்று வந்தது. இரண்டு நாள் பொறுத்து அவளே சாத்திவிட்டாள். "பொஸ்தகம் கெட்டுடும்" என்றாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது! ஐரோப்பாவில் அந்த ஆள் செத்த செய்தியும் அந்த நாட்களில்தான் வந்தது. பேப்பரை வாசிக்கச் சொல்ல ஆளில்லாததால் மடித்தபடியே கிடந்தது.

பிறகு துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அத்தை பேசத் தொடங்கினாள். "எங்கண்ணன் தங்கம். அவர் வாயால ஒருத்தரை நோகச் சொன்னதில்லே. நடுவுல நின்னவதான் என்னென்னமோ சொன்னா." அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டே நான் கேட்பேன். வாழ்நாளெல்லாம் அவருக்குப் பயந்து கொல்லைப்புறத்தில் அழுதவள் அத்தை. இப்போது அவருடைய படத்துக்கு மல்லிகைச் சரம் சாத்துகிறாள். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லலாம்தான். யாரிடம் சொல்வது? அப்பா இருந்தவரை எனக்குப் பேச ஒரு ஆளாவது இருந்தார், அது திட்டாக இருந்தாலும். அந்த வீட்டில் நான் அவ்வளவு தனியாக அதற்குமுன் இருந்ததில்லை.

தம்பியோ பூசை, ஆபீஸ், கல்லறை என்று நடமாடினான். அடையாறு பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு காலை பூசை முடிந்து வரும்போது அந்தப் பெண் கோவில் படியில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு வடக்கே ஆள் எடுக்கறாங்க. நான் போறேன்னு பேர் கொடுக்கப் போறேன். அவர் என்னைக் கண்டா ஒதுங்கிப் போறார். கேட்டா, அப்பா ஆத்துமா வேகும்ங்கறார்." அழவில்லை. அழுதிருந்தால் நான் இரண்டு ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். செத்தவர் சொல் உயிரோடிருக்கிறவர் சொல்லைவிடக் கெட்டி. அதை எடுத்துப்போட இனி அவரால்கூட முடியாது. என்னால் மட்டும்தான் முடியும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன்.

"தம்பி, அன்னிக்கு அப்பா அப்படிச் சொல்லலடா."

சோற்றில் கைவைத்தபடி நிமிர்ந்தான்.

"அவளைக் கட்டக் கூடாதுன்னு அவர் சொல்லல. என்ன சொன்னார்னு எனக்கே புரியல. எனக்குத்தான் அவளைப் பிடிக்கல. நானா சொல்லிட்டேன்."

அவன் நம்பமாட்டான் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. போக்கா, பொய் சொல்லாதே, உன்னை எனக்குத் தெரியாதா என்பான், அப்புறம் எப்படிச் சாதிப்பது என்று வேறு பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றான். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

"பாத்தியா! எங்கண்ணன் வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வருமா?" என்று அத்தை அழுதாள், சந்தோஷத்தில்.

அப்படியானால் உன் வேலைக்கு வேண்டாம் என்றது யார், அதையும் நீயேவா சொல்லிக்கொண்டாய் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், என் பொய் அந்த இடத்திலேயே உடைந்திருக்கும். கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். கேட்கவில்லையே என்று கொல்லையில் நின்று அழுதேன். இரண்டுமே உண்மை. அந்தப் பொய்யை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதே இல்லை. செய்ததற்கு மனம் வருந்தினால்தானே சொல்ல வேண்டும். அப்பாவின் ஆத்துமா என்னால் கொஞ்ச காலம் கூடுதலாக வேகுமென்றால், வேகட்டுமே, அவர் வேகவைத்தது கொஞ்சமா என்றிருந்தது.

பள்ளி திறக்கும் சமயம் தம்பியே சொன்னான், என்னிடம் அல்ல, அத்தையிடம். "மாம்பலத்துக்குப் போறதுன்னா போகட்டும். அங்கியே தங்க இடம் தருவாங்களாமே. கல்யாணம் முடிஞ்சதும் போகட்டும்." எத்தனை வருஷம் நான் கேட்டு நின்ற உத்தரவு. கிடைத்த அன்று பெட்டியை அடுக்கக் கை வரவில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து வீடு நிறைய ஜனம். மாப்பிள்ளை கோவிலுக்குக் கிளம்பும்போது தாய் அவன் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்ப வேண்டும். தாய் இல்லாதவனுக்கு வளர்த்தவள். பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளும், ஆபீசுக்குப் போன முதல் நாளும் அவனுக்குச் சிலுவை போட்டு அனுப்பியது நான்தான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றேன்.

தம்பி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். அப்பா படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தான். "அப்பா, நீங்க இருந்திருந்தா முன்னாடி நின்னு நடத்தியிருப்பீங்க" என்று தேம்பித் தேம்பி அழுதான். சுற்றி நின்றவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து அத்தைக்கு முன்னால் போய்க் குனிந்தான். அத்தை சிலுவை போட்டாள். எனக்குப் பக்கத்தில்தான் வந்தான், கடந்து போகும்போது கோட்டு என் கையில் உரசிற்று. நிற்கவில்லை.

"நீ வீட்டைப் பாத்துக்கோ, சமையக்காரங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அத்தை வண்டியில் ஏறினாள்.

எல்லோரும் போன பிறகு கூடத்தில் உட்கார்ந்தேன். கொல்லையில் சமையல்காரர்கள் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோவில் மணி கேட்டது. அவனுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. நான் என்ன நினைத்துச் செய்தேனோ அது நடந்துகொண்டிருந்தது. அவன் விழுந்து அழுத இடத்தைப் பார்த்துக்கொண்டு, "அவர்தாண்டா சொன்னார். நான் சொல்லலடா, கண்ணு. அவர்தான் சொன்னார்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.