பதினொரு மணி போட்டோ

எனக்கு மெஷின்களோடு எந்தப் பகையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டீச்சருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று முடித்துவிடுவார்கள். உத்திரமேரூர் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். காரணம், என் நான்காம் வகுப்பில் காது சரியாகக் கேட்காத ஒரு பெண். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் என் உதட்டசைவு தெரியாது, அவளுக்கு அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. காது மிஷின் கொடுத்திருந்தார்கள். சீட்டி அடிக்கிறது என்று கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள்.

ஸ்மார்ட் போர்டில் படம் ஓடும், கீழே எழுத்தும் ஓடும். ஒரு மாதம் போனது. ஒருநாள் கணக்குப் பாடத்தில் கை தூக்கினாள். வெளியே போகத்தான் கேட்கிறாள் என்று நினைத்துப் போகச் சொல்லிச் சைகை காட்டினேன். அவள் நகரவில்லை. "எழுபத்தி ரெண்டு" என்றாள். சரியான விடை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நடவு நேரத்தில் சுற்றுவட்டாரத்து மோட்டாரெல்லாம் ஒன்றாக ஓடும், கரண்ட் ஏறி இறங்கும். அப்படி ஒரு காலையில் டப்பென்று சத்தம் கேட்டது, போர்டு இருண்டுவிட்டது. உடனே கல்வித்துறை ஆப்பில் கம்ப்ளைண்ட் போட்டேன். யாரும் வரவில்லை. ஆனால் அதே ஆப், தினமும் பதினொரு மணிக்குள் ஸ்மார்ட் வகுப்பு நடக்கிற போட்டோவை மட்டும் விடாமல் கேட்டது. அனுப்பாத இரண்டு நாளும் ஹெச்.எம்.முக்கு வட்டாரக் கல்வி ஆபீசிலிருந்து போன். மூன்றாம் நாள் அவர் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், இதுக்குப் போயி ஒரு பேஜாரா? பசங்கள உக்கார வச்சி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. போர்டு ஓடுதா இல்லையான்னு அதுலயா தெரியப் போவுது?"

தெரியாதுதான். கதவோரம் நின்று எடுத்தால் வெளிச்சம் பட்டுத் திரை வெளுப்பாகத் தெரியும், ஓடுவது போலவே இருக்கும். அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்ததும் நான்தான். பிள்ளைகளைக் கைகட்டி உட்கார வைப்பேன், படம் எடுப்பேன், பிறகு கரும்பலகைக்குத் திரும்புவேன். அவள் கை தூக்குவது நின்றுபோனது. பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்துத் தப்பையும் சேர்த்து எழுதினாள்.

ஒரு மாதம் கழித்து ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"அந்தக் கம்ப்ளைண்ட் முடிஞ்சிபோச்சே டீச்சர்" என்றார் அங்கிருந்தவர்.

"யாருமே வரலையே சார்?"

"எதுக்கு வரணும்? தெனம் போர்டு ஓடிக்கினு கீதுன்னு நீங்களே போட்டோ அனுப்பிக்கினு கீறீங்க. நேத்துகூட வந்துது. பசங்க நல்லா கவனிக்கிறாங்க."

"அது ஓடல சார். சும்மா உக்கார வச்சி எடுத்தது."

"அப்போ அனுப்பினதெல்லாம் பொய்யின்னு எழுதிக் குடுங்க. ஆளு அனுப்பறோம்."

ஹெச்.எம்.மிடம் சொன்னேன். "ரிட்டையர் ஆவற நேரத்துல என்னை மெமோ வாங்கச் சொல்றீங்களா?" என்றார். அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனால் நான் மட்டுமாவது எழுதிக் கொடுத்திருக்கலாமே? ஒரு வாரம் வெள்ளைத்தாளைப் பையில் வைத்துக்கொண்டு வாலாஜாபாத் பஸ்ஸில் போய்வந்தேன். எழுதவில்லை. பயம்தான், வேறென்ன?

அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சற்று முன்னால் போனைக் கையில் எடுத்தேன். வாயே திறக்கவில்லை. முன் வரிசையிலிருந்து அந்தக் காது கேட்காத பெண் போனைப் பார்த்தாள். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள், கையைக் கட்டினாள், இருண்ட திரையைப் பார்த்து ஏதோ பாடம் ஓடுவது போலச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தையும் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பிவிட்டாள்.

போட்டோ நன்றாக வந்தது. அனுப்பினேன்.