தெபால்தோ அண்ணனுக்காக நான் போட்ட மோதிரம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். புனித அந்தோனியார் மேல் ஆணை. நான் இளைஞனாக இருந்தபோது, மூடுபனி விலகாத ஒரு நண்பகலில் நடந்தது இது.

ரொக்காஸ்பீனாவை ஆண்ட தெபால்தோ என் பெரியப்பா மகன். எதிரிக் கோட்டையான வால்தோர்னாவின் பெண் ஜிலியோலாவை அவருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் தம்பி உகோ எங்கள் கோபுரச் சிறையில் கிடந்தான். கல்யாணம் நடந்தால் விடுதலை. இல்லையென்றால் தூக்கு.

ஆளும் குடும்பத்து மாப்பிள்ளை எதிரி வீட்டுக்குத் தானே போவதில்லை. அவர் பெயரில் உறவுக்காரன் ஒருவன் போய் மோதிரம் போடுவான்; அதுவே கல்யாணம். என்னை அனுப்பினார்கள். ஆயுதமின்றி, தனியாக.

வால்தோர்னா மண்டபத்தில் ஜிலியோலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாப்பிள்ளையும் இப்படித்தான் ஒல்லியா?"

"இல்லீங்க, அவர் நல்லா சாப்பிடுவார்."

"குளிச்சாவது வந்தீங்களா?"

"ஆத்துல இறங்கித்தான் வந்தேன்."

மண்டபமே சிரித்தது. அதோடு சரி.

மோதிரத்தை எடுத்தேன். சில்லென்றிருந்தது. பனிக்காலம்தானே என்று விட்டுவிட்டேன்.

அவள் கையைப் பிடித்து விரலில் போடும்போது என் கை கனத்தது. வேறொரு கை அதன் மேல் படிந்ததுபோல...

மெழுகுவத்திச் சுடர்கள் என் பக்கம் சாய்ந்தன. காற்றே இல்லை.

"தெபால்தோ பேரால சம்மதமா?" என்றார் பத்திர எழுத்தர்.

வாயைத் திறந்தேன்.

"நான் தெபால்தோ... சம்மதம்."

தடித்த குரல். கரகரத்த குரல்.

என்னுடையது அல்ல.

டொக்... கோப்பை ஒன்று விழுந்து உருண்டது.

"யார் பேசினது?" என்றாள் ஜிலியோலா, கையை இழுக்காமலே.

"அண்ணன்தாங்க. அவர் குரல்தான்."

வெளியே குளம்போசை. எங்கள் ஆள் செய்தி கொண்டுவந்திருந்தான். விடியற்காலையிலேயே தெபால்தோ குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிட்டார்.

"செத்தவர் எப்படிங்க சம்மதம் சொல்வார்? இது செல்லாது." எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஜிலியோலா வெளுத்துப்போனாள். "அப்போ என் தம்பி கதி?" அவள் நிமிர்ந்தாள். "அவரேதான் வந்து சொன்னார். எல்லாரும் கேட்டீங்கதானே?"

மண்டபமே சிலுவை போட்டுக்கொண்டது. ஒவ்வொருவராக வந்து வேதப் புத்தகத்தில் கை வைத்தார்கள். பேசியது தெபால்தோவின் குரலேதான் என்று சத்தியம் செய்தார்கள். எழுத்தரும் செய்தார்.

இறந்தபின் வந்து மகன் கொடுத்த வாக்கு. அதை மீற, அவருக்குப் பின் ஆட்சியை ஏற்ற அவர் தாய், என் பெரியம்மாவுக்குத் துணிவில்லை. கோபுரக் கதவு திறந்தது. உகோ வீடு போய்ச் சேர்ந்தான்.

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களில், என்னைத் தவிர ஒருவரும் தெபால்தோவின் குரலை அதற்கு முன் கேட்டதே இல்லை.